இளங்கோவின் விளம்பரத்தை அழுத்தியவர்கள்

1

போன வியாழக்கிழமையோடு நான் ஷார்ஜாவுக்கு வந்து ஒன்பது வருஷம் முடிந்தது. வீட்டில் இந்த நாளை நான் ஒருத்திதான் ஞாபகம் வைத்திருக்கிறேன். என் கணவருக்கு விசா முடிகிற தேதி தவிர வேறு எந்தத் தேதியும் மனதில் நிற்காது. கேசரி கிண்டி மேசையில் வைத்தேன். மகள் நிலா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "யாருக்கும்மா பர்த்டே?" என்று கேட்டாள். சொன்னேன். "ஓ, ஓகே" என்று ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பதினொரு வயது. பெரம்பலூர் என்றால் அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய்க் கொசுக்கடி வாங்கிக்கொண்டு வருகிற ஊர்.

வெளிநாட்டில் இத்தனை வருஷம் இருந்தவள் ஊர்க்காரர்களுக்கு எழுத உட்கார்ந்தால் ஏக்கத்தைத்தான் எழுதுவாள் என்று நினைப்பீர்கள். எனக்கு ஏங்க நேரமில்லை. இரண்டு வருஷமாக எனக்கு இருந்ததெல்லாம் ஆத்திரம். இளங்கோ என்று ஒருத்தன் பெரம்பலூரில் மெத்தைக் கடை வைத்திருக்கிறான். அவனை எப்படி ஒழிப்பது என்று யோசித்துக்கொண்டே குழம்பு தாளித்திருக்கிறேன், துணி மடித்திருக்கிறேன், எமிரேட்ஸ் ஐடி புதுப்பிக்கிற வரிசையில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன். நல்லவள் என்று யாரும் என்னைச் சொல்ல வேண்டாம்.

2

என் அக்கா வளர்மதி. அவளை மீன்சுருட்டியில் கட்டிக் கொடுத்தோம். நாலு வருஷம் வாழ்ந்துவிட்டு, ஒரு காலையில் "திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்" என்று கிளம்பிய மாப்பிள்ளை இன்றுவரை திரும்பவில்லை. அக்கா பெரம்பலூருக்கே வந்து துறையூர் ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை பிடித்தாள். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை. பஞ்சு அடிக்க ஒரு மெஷின், தைக்கக் கோணி ஊசி, மற்றதெல்லாம் அவள் கை. அவள் அடைத்த மெத்தையில் எங்கே அழுத்திப் பார்த்தாலும் ஒரு கட்டி தட்டுப்படாது.

எனக்கு இங்கே ஒரு சின்ன விளம்பரக் கம்பெனியில் வேலை. நீங்கள் போனில் எதையோ ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து கழுத்தை அறுக்கும் விளம்பரங்களைப் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. பல் ஆஸ்பத்திரி, கார் கழுவும் கடை, அபாயா கடை என்று ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் போடுகிறோமே, கூடப்பிறந்தவளுக்குப் போட்டால் என்ன என்று தோன்றியது. அக்கா கடைக்கு இணையத்தில் ஒரு பேஜ் ஆரம்பித்தேன்.

வீடியோ எடுக்கச் சொன்னதும் அக்கா தயங்கினாள். "மொகத்தக் காட்டுனா ஊருல என்ன பேசுவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? புருஷன் வுட்டுட்டுப் போனவளுக்கு வீடியோ ஒரு கேடான்னு கேப்பாங்க."

"சரி, மொகம் வேணாம். கை மட்டும் காட்டு" என்றேன்.

நான் சொன்னதுதான். அந்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. கைகள் மட்டும் பஞ்சை அடைக்கும், உறையின் வாயைத் தைக்கும், மெத்தையைத் திருப்பிப் போட்டுக் குத்திக் காட்டும். கடைசியில் அக்காவின் குரல் வரும்: "படுத்துப் பாருங்க, அப்பறம் பேசுங்க." அவ்வளவுதான் வீடியோ. செட்டிகுளத்திலிருந்து ஒரு வெங்காய வியாபாரி மூன்று பெண்களுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தார். அக்கா போனில் சிரித்ததை நான் பல வருஷம் கழித்து அன்றுதான் கேட்டேன்.

பேஜில் விலை கேட்கிறவர்களுக்குப் பதில் போட, படம் ஏற்ற, ஊரிலேயே ஆள் வேண்டியிருந்தது. இளங்கோ எங்களுக்குப் பங்காளி முறை. திருச்சியில் ஏதோ டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். "நான் பாத்துக்குறேங்க்கா" என்றான். ஆறு மாதம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டான். ஏழாவது மாதம் ஒருநாள் அக்காவுக்குப் போன் செய்து, "ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்கக்கா, பேஜுக்குப் பூட்டுப் போடணும்" என்றிருக்கிறான். சொந்தக்காரப் பையன் கேட்கிறான், எதற்கு என்று கேட்டால் அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்து அக்கா அந்த ஆறு இலக்கத்தையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். சொல்லி முடித்த கையோடு, "சாப்ட்டியாடா தம்பி?" என்றும் கேட்டிருக்கிறாள். என்னால் இன்றுவரை அதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

3

அடுத்த வாரம் பேஜை நடத்துகிறவர்கள் பட்டியலில் அக்காவும் இல்லை, நானும் இல்லை. அடுத்த மாதம் பேஜின் பெயர் 'இளங்கோ மெத்தை மாளிகை' என்று மாறியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக் கதவு போட்டுக் கடை திறந்துவிட்டான். வீடியோக்களை அழிக்கவில்லை. அக்காவின் கைகளும் குரலும் அப்படியே அவனுக்கு விளம்பரமாக ஓடின. முகம் இல்லையே, யார் கை என்று யாருக்குத் தெரியும்?

அக்கா நேரில் போய்க் கேட்டாள். அவன் நாற்காலியை விட்டுக்கூட எழுந்திருக்கவில்லையாம்.

"பேஜ் நான் வளத்ததுக்கா. ஒங்க மெத்த ஒங்ககிட்டதான இருக்கு, அத யாரு எடுத்தா?"

இந்த வரியை அக்கா என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அவன் நாசமாகப் போக வேண்டும் என்று அன்று ஆபீஸ் பாத்ரூமில் நின்று வாய்விட்டுச் சொன்னேன்.

புகார் கொடுத்தோம். பேஜ்களை நடத்தும் நிறுவனத்தில் பேச மனுஷர் யாரும் கிடையாது, பெட்டிகளை நிரப்ப வேண்டும். உரிமையாளரின் அடையாள அட்டை கேட்டார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. நமக்கு ஏது கடைசிப் பெயர்? கடைக் காகிதத்தில் அக்கா பெயருக்கு முன்னால் எங்கள் அப்பா பெயரின் முதலெழுத்து. ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய மாப்பிள்ளையின் எழுத்து. பெயர் பொருந்தவில்லை, நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்தது. விட்டுவிட்டு ஓடினவனின் எழுத்து ஒன்று மட்டும் ஓடாமல் நின்று அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது. நேரில் புகார் எழுதிக் கொடுக்கப் போன போலீஸ் ஸ்டேஷனில், "பேஜ்னா என்னம்மா, எடமா? பட்டா இருக்கா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

நிலாவிடம் ஒருநாள் புலம்பினேன். "பிளாக் பண்ணிட்டு மூவ் ஆன் பண்ணும்மா" என்றாள். ஐந்து வயதில் கிடைத்த தோழி முதல் நேற்று வந்த தோழி வரை எல்லோரையும் அப்படித்தான் அவள் முடித்திருக்கிறாள். பெரியம்மாவின் சோறு இதில் இருக்கிறது என்பதை எந்த மொழியில் சொல்லி அவளுக்குப் புரியவைப்பது? தமிழில் சொன்னால் பாதி போகும், இங்கிலீஷில் சொன்னால் எனக்கு ஆத்திரம் பாதி குறைந்துவிடும்.

4

ஒரு காலை, டீ குடித்துக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது இளங்கோவின் விளம்பரம் என் கண் முன்னால் வந்து நின்றது. ஷார்ஜாவில். அக்காவின் கைகள் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தன.

முதலில் திடுக்கிட்டேன். அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்தது. பெரம்பலூர், அரியலூருக்கு மட்டும் என்று எல்லை கட்டிப் போட வேண்டிய விளம்பரம். கோர்ஸ் படித்தும் விவரம் தெரியாத பயல், யாருக்குக் காட்டுவது என்பதை விளம்பர மெஷினின் இஷ்டத்துக்கே விட்டிருக்கிறான். காசு கண்ட இடத்தில் ஒழுகுகிறது. ஒழுகட்டும், நானும் ஒரு ஓட்டை போடுகிறேன் என்று விளம்பரத்தை அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவன் கையிலிருந்து காசு போகும். அழுத்தி, உள்ளே போய், வெளியே வந்தேன். டீ அன்று தனி ருசியாக இருந்தது.

இது திருட்டுத்தனம். எங்கள் ஆபீசில் ஒரு வாடிக்கையாளருக்கு எதிராளி இப்படிச் செய்தபோது நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்துப் பாராட்டு வாங்கினேன். ஒரே போனிலிருந்து திரும்பத் திரும்ப அழுத்தினால் மெஷின் சுதாரித்துக் கணக்கில் சேர்க்காது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் நிறையப் பேரின் கை வேண்டும்.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஜாபர் பாயின் டீக்கடை. அவர் எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்து லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஊரே பாதி இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஷார்ஜா, துபாய், அஜ்மான் என்று அவர்களுக்கு ஒரு மெசேஜ் குரூப். கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பொம்பளப் புள்ள கைய வெச்சுப் பொழைக்கிறானா? அல்லா இருக்கான் தங்கச்சி. நம்ம புள்ளைங்ககிட்டச் சொல்றேன், பயல ஒரு வழி பண்ணிடுவோம்."

மறுநாளிலிருந்து டிரைவர்கள், சமையல்காரர்கள், சூப்பர் மார்க்கெட் ஆட்கள் என்று ஐம்பது பேர் அழுத்தினார்கள். சும்மா அழுத்துவதோடு விடவில்லை. என்ன விலை, எத்தனை கிலோ பஞ்சு, டெலிவரி உண்டா என்று கேள்வி கேட்டு அவன் நேரத்தையும் தின்றார்கள். ஜாபர் பாய் டீ ஆற்றிக்கொண்டே, "இன்னிக்கு நாப்பத்தி மூணு தங்கச்சி" என்பார். நான் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிச் சந்தோஷமாக உட்காருவேன். அவன் முழிப்பதை நினைத்து நினைத்துச் சிரிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிலிப்பைன்ஸ் பெண் நல்ல சேதியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

5

இரண்டு மாதம் கழித்து அக்கா கூப்பிட்டாள். குரலில் சுரத்தே இல்லை.

"செல்வி, கடைய வுட்டுடலாம்னு இருக்கேன்டி. ஓனருகிட்டயும் சொல்லிட்டேன்."

"கலாஸ்" என்று என் வாயில் அரபிதான் வந்தது. முடிந்தது என்று அர்த்தம். பயந்தால் எனக்கு இப்போதெல்லாம் தமிழ் பின்னால்தான் வருகிறது. "ஏங்க்கா, என்ன ஆச்சு?"

"இளங்கோ கடையில நிக்க எடமில்ல. தெனம் வேன் போவுது லப்பைக்குடிக்காட்டுக்கு. எல்லாம் வெளிநாட்டு ஆர்டராம். எங்கிட்ட வர்றதே ரெண்டு பேரு, அவங்களும் அங்க போறாங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நானே போர்டில் எழுதிச் சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது. ஒரு விளம்பரத்தை எந்த மாதிரி ஆட்கள் தொடுகிறார்களோ, அதே மாதிரி ஆட்களைத் தேடித் தேடி மெஷின் காட்டும். தொடுகிறவன் ஆசையில் தொடுகிறானா, வயிற்றெரிச்சலில் தொடுகிறானா என்று அதற்குத் தெரியாது. நாங்கள் ஐம்பது பேர் அழுத்தி, கேள்வி வேறு கேட்டு, வளைகுடாவில் இருக்கும் எங்கள் பக்கத்து ஆண்களுக்குத்தான் இந்த மெத்தை பிடிக்கும் என்று அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். அதுவும் நன்றாகப் படித்துக்கொண்டு குவைத், தோஹா வரை போய்க் காட்டியிருக்கிறது.

லப்பைக்குடிக்காட்டில் மெத்தையை யார் வாங்குகிறார்கள்? கட்டில் மெத்தை வீட்டுக்குள் வந்து விழும், பெண்கள் அழுத்திப் பார்ப்பார்கள், ஆனால் வாங்கு என்று சொல்லுகிறவன் இங்கே எட்டு பேர் படுக்கும் ரூமில் இருப்பான். தங்கச்சிக்கு, மகளுக்கு நிக்காஹ் என்றால் சாமான் எல்லாம் போனில் பார்த்துத்தான் முடிவாகும். இது தெரிந்திருந்தால் அக்காவுக்கே நான் இங்கே விளம்பரம் போட்டிருப்பேன். பெரம்பலூரைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு, வாங்குகிறவன் என் வீட்டுக்குக் கீழே டீ ஆற்றுவதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். ஒன்பது வருஷ அனுபவம் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறேன், வெட்கம் கெட்டவள்.

ஜாபர் பாயிடம் இறங்கி ஓடினேன். அழுத்துவதை நிறுத்தச் சொன்னேன். அவர் டீ கிளாசை ரொம்ப நேரம் கழுவினார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்வேன், கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"மவளுக்கு நிக்காஹ் வெச்சிருக்கோம்ல. வெல கேட்டுக் கேட்டு... அவனும் மரியாதையாத்தான் பதில் சொன்னான். ரெண்டு டபுள் மெத்தைக்குச் சொல்லிப்புட்டேன்."

அன்று எனக்கு யார் மேல் கோபம் அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை. டீ வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

6

கடையைக் காலி செய்ய ஒரு வாரம் இருக்கும்போது இளங்கோ அக்காவைத் தேடி வந்தான். வாழைப்பழச் சீப்போடு.

அவனிடம் வேலை செய்தவர்கள் தைத்த மெத்தைகள் கட்டி கட்டியாக இருந்திருக்கின்றன. வாங்கிய பெண்கள் சும்மா இருப்பார்களா? "வீடியோவுல தைக்குதே ஒரு அம்மா, அந்தக் கை எங்க? அது தச்சதத்தான் கேட்டோம்" என்று வேனிலேயே திருப்பி அனுப்ப ஆரம்பித்திருக்கிறார்கள்.

"பழச மனசுல வெச்சுக்காதீங்கக்கா. நீங்க வந்து தச்சுக் குடுங்க. ஒரு மெத்தைக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம்" என்றிருக்கிறான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டினான். சாமி கொண்டுவந்து அவனை அக்கா காலடியில் நிறுத்தியிருக்கிறது என்று நினைத்தேன். "பழத்த அவன் மூஞ்சியில வீசு. வாசல்ல நிக்க வெச்சு நாலு பேரு கேக்குற மாதிரி பேசு" என்று போனில் கத்தினேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் போறதா சொல்லிட்டேன்டி" என்றாள்.

"ஒனக்கு மானம், ரோஷம் ஒண்ணும் கெடையாதா?"

"நீ அங்கேருந்து பேசுவ. எனக்குக் காலையில எழுந்திரிச்சா ஒல வெக்கணும்."

போனை வைத்துவிட்டாள். நான் இரண்டு மாதம் அவளைக் கூப்பிடவில்லை. அவன் கண்ணாடிக் கதவுக்குள் அவள் குனிந்து உட்கார்ந்து தைப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கதவு வரை அவளைத் தள்ளிக்கொண்டு போய் விட்டதே என் விரல்தான் என்று அவளிடம் சொல்லும் தைரியமும் வரவில்லை. கணவர் நடுவில், "அவங்க வாழ்க்க, அவங்க முடிவு" என்றார். அவரிடமும் பேசவில்லை.

புகாரை மட்டும் நான் விடவில்லை. அப்பாவின் எழுத்துக்கும் மாப்பிள்ளையின் எழுத்துக்கும் நடுவில் ஒரே ஆள்தான் இருக்கிறாள் என்று நோட்டரி கையெழுத்து, கடை வாடகைக் காகிதம், நான் முதன்முதலில் சேமித்து வைத்திருந்த வீடியோக்களின் அசல் என்று எல்லாவற்றையும் ஒன்பதாவது முறையாக அனுப்பினேன். ஒரு நாள் பதில் வந்தது. உரிமை சரிபார்க்கப்பட்டது, உறுதி செய்தால் அந்தப் பேஜும் அதன் விளம்பரங்களும் முடக்கப்படும் என்று இருந்தது. கீழே ஒரு நீலப் பொத்தான். இரண்டு வருஷம் நான் கேட்டது அந்தப் பொத்தானைத்தான்.

7

அதை அழுத்துவதற்கு முன்னால் ஜாபர் பாய் கூப்பிட்டார். கீழே வரச் சொன்னார்.

அவர் மகளின் மெத்தை ஊரில் வந்து இறங்கியிருந்தது. அவர் மனைவி அனுப்பிய வீடியோவைக் காட்டினார். எங்கள் பக்கத்தில் சீருக்கு வருகிற பஞ்சு மெத்தையைப் பெண்கள் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். வாய் தைத்த இடத்தில் ஒரு விரல் அளவு பிரித்து, பஞ்சைக் கிள்ளி எடுத்து, கொட்டை இருக்கிறதா, கழிவுப் பஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி தைப்பார்கள். யார் வீட்டிலும் இது நடக்கும். ஆண்களுக்கு இது தெரியாது. இளங்கோவுக்கு எங்கே தெரியப் போகிறது?

அவர் மனைவி அப்படிப் பிரித்தபோது பஞ்சுக்கு முன்னால் ஒரு சின்னத் துணித் துண்டு வந்திருக்கிறது. மெத்தை உறையோடு சேர்த்துத் தைத்த துண்டு. அதில் சிவப்பு நூலில் எழுத்து. 'தைத்தது வளர்மதி, பெரம்பலூர்.' அதற்குக் கீழே அக்காவின் போன் நம்பர்.

"எங்கூட்டுக்காரி ஒடனே போன் போட்டுருக்கா. தலகாணிக்கு ஒங்க அக்காகிட்டயே நேரா சொல்லியாச்சு. எங்க தெருவுல மட்டும் அஞ்சு வூட்டுல இந்தத் துண்டு வந்துருக்காம் தங்கச்சி" என்றார் பாய்.

மாடி ஏறும்போதே அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் பஞ்சு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"எங்க இருக்க?"

"வூட்டுலதான். கொல்லையில கொட்டாய் போட்டு மெஷின எறக்கிட்டேன். காலையில அவன் கடை, மத்தியானத்துலேருந்து நம்ம வேல. ரெண்டு பொண்ணுங்கள வெச்சிருக்கேன்."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ குரூப்புல போடுவ."

பாய் வீட்டம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார் என்று புரிந்தது. ஐம்பது பேர் அழுத்தியது, நான் சொல்லித்தான் அழுத்தியது, எல்லாம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக மெயிலைப் பற்றிச் சொன்னேன். "அக்கா, ஒரே ஒரு அமுக்கு. அவன் பேஜு, விளம்பரம், எல்லாம் இன்னியோட போயிடும். நடுத்தெருவுல நிப்பான். அமுக்கட்டுமா?"

மெஷினை நிறுத்தினாள்.

"அதுல கைய வெச்சுடாதடி" என்றாள். "அவன் அரியலூர்ப் பக்கம் இன்னும் விளம்பரமே போடல. ஜெயங்கொண்டமும் பாக்கி கெடக்கு. போடட்டும். எல்லா ஊருக்கும் அவன் காசுலயே நான் போய்ச் சேந்துடுறேன், அதுக்கப்பறம் அமுக்கு."